எதை அசைப்பது? ஒளித்தாள் நுண்ணோக்கியின் வேகம் பற்றி

பென்னாகரம் பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கும் வீடு அது. என்னிடம் விலங்கியல் படிக்கும் மாணவி ஒருத்தியின் அப்பா கூப்பிட்டிருந்தார். புழுக்களைக் கூடு கட்டுவதற்கான தட்டில், அதாவது சந்திரிகையில், விடும் நாள். தின்று முடித்த புழுவின் உடம்பு அந்த நேரத்தில் லேசாக ஒளி ஊடுருவும் பதத்துக்கு வந்துவிடும். ஒரு புழுவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். "முதுகைப் பாருங்க சார், துடிக்குது." வாலிலிருந்து தலையை நோக்கித் தோலுக்கு அடியில் ஒரு நிழல் அலை அலையாக ஓடியது. பூச்சியின் இதயம் முதுகில் நீளவாக்கில் கிடக்கும் ஒரு குழாய்தான். கரும்பலகையில் எத்தனை முறை வரைந்து காட்டினாலும் வராத தெளிவு அந்த உள்ளங்கையில் வந்தது.

பக்கத்தில் நின்ற மகள் கேட்டாள்: "இந்தத் துடிப்பை உள்ளே போய், நீளம் அகலம் ஆழம் மூணோடயும் படம் எடுக்க முடியுமா சார்? உயிரோட இருக்கும்போதே?" அன்றைக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். முழுப் பதில் இது.

நம் பக்கத்துக்கு நுண்ணோக்கி புதிதல்ல. பட்டு முட்டை உற்பத்தி செய்யும் இடங்களில், முட்டையிட்டு முடித்த தாய் அந்துப்பூச்சியை அரைத்து, அந்தச் சாற்றில் பெப்ரின் நோயின் வித்துகள் இருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நோய் இல்லை என்று தெரிந்த பிறகே முட்டை வெளியே போகும். 1860களில் பிரான்சில் லூயி பாஸ்டர் காட்டிய வழி இது. ஆனால் அங்கே பார்ப்பது செத்துப்போன, கண்ணாடித் தகட்டில் தட்டையாகப் பரப்பிய ஒன்று. உயிருள்ள, பருமனான, துடிக்கிற ஒன்றைப் பார்ப்பது வேறு வகைச் சிக்கல்.

அதற்கான விடையும் அந்தப் புழு மனையிலேயே இருந்தது. இரட்டைக் கதவைச் சாத்தியபோது நடு இடுக்கு வழியாக வெயில் உள்ளே வந்தது. கூரை ஓட்டில் ஓட்டை இருந்தால் வெயில் குச்சிபோல இறங்கும். கதவிடுக்கில் வந்தால் தாள்போல நிற்கும். புழுப்படுக்கையில் தூவிய சுண்ணாம்புத் தூசி காற்றில் மிதந்துகொண்டிருந்தது. அந்த ஒளித்தாளுக்குள் இருந்த தூசி மட்டும் மின்னியது. அதற்கு முன்னும் பின்னும் இருந்தது கண்ணுக்கே தெரியவில்லை. ஒளி வந்த திசையில் பார்க்காமல், பக்கவாட்டில் நின்று பார்த்ததால் இது தெரிந்தது. அறை நிறையத் தூசி இருந்தும், ஒரே ஒரு தளத்தின் தூசியை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்துவிட்டோம்.

ஒளித்தாள் நுண்ணோக்கி இதைத்தான் செய்கிறது. ஒரு லென்ஸ் பக்கவாட்டிலிருந்து லேசர் ஒளியைச் சில மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுள்ள தாளாக்கி உயிரிக்குள் செலுத்தும். அதற்குச் செங்குத்தாக நிற்கும் இன்னொரு லென்ஸ் அந்தத் தளத்தை மட்டும் பார்க்கும். தூசிக்குப் பதில் இங்கே மின்னுவது ஒளிரும் புரதம். ஜெல்லி மீனிலிருந்து கிடைத்த பச்சை ஒளிர்வுப் புரதத்தை மரபணு வழியாக வேறு உயிரியின் செல்லுக்குள் வைத்துவிட்டால், நீல ஒளி படும்போது அந்தச் செல் பச்சையாக ஒளிரும். இந்தப் புரதத்தைக் கண்டுபிடித்து வளர்த்தெடுத்ததற்கு 2008இல் மூவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

பக்கவாட்டு ஒளி என்ற யோசனை பழையது. 1903இலேயே ஜெர்மனியில் சீடென்டாஃபும் சிக்மோண்டியும் கண்ணாடிக்குள் இருக்கும் தங்கத் துகள்களை இப்படித்தான் பார்த்தார்கள். 1925ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் சிக்மோண்டிக்குப் போனது. பிறகு பல பத்தாண்டுகள் உயிரியல் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. 2004இல் ஹைடல்பெர்க்கில் உள்ள ஐரோப்பிய மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தில் யான் ஹூயிஸ்கன், எர்ன்ஸ்ட் ஸ்டெல்சர் குழுவினர் உயிருள்ள மீன் கருவை இம்முறையில் படம் எடுத்த பிறகுதான் துறை வேகம் பிடித்தது.

அதுவரை கோலோச்சியது கன்ஃபோகல் நுண்ணோக்கி. அது லேசரை ஒரு புள்ளியில் குவித்து, புள்ளி புள்ளியாகத் தடவிப் படம் எடுக்கும். படம் தெளிவாக வரும், மறுக்கவில்லை. ஆனால் 1 தளத்தைப் பார்க்கும்போதே அந்த லேசர் மேலும் கீழும் உள்ள எல்லாத் தளங்களையும் கடந்துதான் போகிறது. 20 தளம் எடுத்தால் ஒவ்வொரு செல்லும் 20 முறை சுடுபடும். சாயம் வெளுத்துவிடும், செல் நோகும். ஒளித்தாளில் பார்க்கிற தளத்தின் மேல் மட்டும்தான் வெளிச்சம். தளம் முழுவதையும் கேமரா ஒரே நேரத்தில் பிடித்துவிடும். மென்மையும் வேகமும் இங்கே ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் பெரிய பட்டுப்புழுவை இப்படிப் பார்க்க முடியாது. ஒளித்தாள் உள்ளே போக உடல் தெளிவாக இருக்க வேண்டும். அல்லது மிகச் சிறியதாக இருக்க வேண்டும். அதனால்தான் ஆய்வுக்கூடங்கள் ஜீப்ரா மீனின் குஞ்சைப் பிடித்துக்கொண்டன. அது நம் நாட்டு மீன்தான். கங்கைப் பகுதி மீன்களைப் பற்றி எழுதிய ஃபிரான்சிஸ் ஹாமில்டன் 1822இல் அதை முதலில் விவரித்தார். கரு உண்டாகிச் சுமார் 24 மணி நேரத்தில் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். உடலோ கண்ணாடிபோல இருக்கும்.

இனி வேகக் கணக்குக்கு வருவோம். மீன் குஞ்சின் இதயம் வினாடிக்கு 2 முறையாவது துடிக்கும். ஒரு துடிப்பை 15 நிலைகளில் பார்த்தால்தான் சுவர் எப்படிச் சுருங்குகிறது என்று புரியும். அப்படியானால் வினாடிக்கு 30 முப்பரிமாணப் படங்கள். இதயத்தின் ஆழம் 100 மைக்ரான், 5 மைக்ரானுக்கு ஒரு தளம் என்று வைத்தால் ஒரு முப்பரிமாணப் படத்துக்கு 20 தளங்கள். மொத்தம் வினாடிக்கு 600 படங்கள். ஒரு தளத்தைப் பிடித்து அடுத்த தளத்துக்குப் போக 1.7 மில்லி வினாடிகூடக் கிடையாது.

அந்த நேரத்துக்குள் எதையாவது அசைத்தாக வேண்டும். எதை அசைப்பது என்ற இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டால், இத்துறையின் இருபது வருடக் கதையும் புரிந்துவிடும் என்பது என் எண்ணம். கனமானதை அசைப்பதிலிருந்து லேசானதை அசைப்பதை நோக்கிப் போன பயணம் அது.

முதலில் அசைத்தது மீனையே. தாளும் லென்ஸும் கேமராவும் நிலையாக நிற்கும். கடல்பாசிக் கூழில் பதித்த மீன் குஞ்சு, நீர்த்தொட்டிக்குள் மோட்டாரால் தாளின் ஊடாக நகரும். கரு வளர்வதை மணிக்கணக்கில் பார்க்க இது போதும், இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் வினாடிக்கு 30 முறை முன்னும் பின்னும் என்றால் என்ன ஆகும்? நீர் நிறைந்த குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடியவர்களுக்குத் தெரியும். கூழ் குலுங்கும், மீன் நடுங்கும், இதயம் அசைந்ததா தொட்டி அசைந்ததா என்றே பிரித்துச் சொல்ல முடியாது.

சரி, மீன் அசையாமல் இருக்கட்டும், தாளை அசைப்போம் என்றார்கள். தாளை அசைப்பது எளிது. மின்சாரத்தால் திரும்பும் கால்வனோமீட்டரின் அச்சில் பொருத்திய சிறு கண்ணாடியை ஒரு துளி திருப்பினால் தாள் முன்னும் பின்னும் நகரும். வம்பு மறுபக்கத்தில் இருக்கிறது. தாள் 50 மைக்ரான் நகர்ந்தால், பார்க்கும் லென்ஸின் குவியமும் அதே 50 மைக்ரான் நகர வேண்டும். இல்லாவிட்டால் படம் மங்கிவிடும். எனவே மீனைப் பார்க்கும் அந்தப் பொருளருகு லென்ஸை, மின்சாரம் கொடுத்தால் நீண்டு சுருங்கும் பீசோ படிகத்தின் மேல் ஏற்றி, கண்ணாடியும் லென்ஸும் ஒரே தாளத்தில் ஆடும்படி செய்தார்கள். 2013இல் மிஷா ஆரன்ஸ், பிலிப் கெல்லர் குழுவினர் இந்த வழியில் மீன் குஞ்சின் மூளை முழுவதையும் 1.3 வினாடிக்கு ஒரு முறை படம் எடுத்தார்கள். அந்த மூளையில் சுமார் 1,00,000 நரம்பணுக்கள். அவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் தனித்தனியாகத் தெரிந்தன. ஒரு மூளை நினைப்பதை முழுசாகப் பார்க்கும் வாசல் அது. அந்தப் படத்தை முதன்முதலில் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூளைக்குப் போதுமான இந்த வேகம் இதயத்துக்குப் போதாது. பொருளருகு லென்ஸ் என்பது கண்ணாடியும் உலோகமும் சேர்ந்த கட்டி. அது நீருக்குள் மூக்கை நுழைத்து நிற்கிறது. முன்னே போகும்போது நீரைத் தள்ளும், அந்த அலை மீனைத் தொடும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தொடக்க இடத்துக்குத் திரும்பவும் நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தினால், சொன்ன இடத்தில் நிற்காமல் தாண்டிப்போய் அதிர்ந்து அடங்கும்.

அடுத்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. லென்ஸை நகர்த்தாமல் லென்ஸின் வடிவத்தை மாற்றுவது. நம் கண் செய்வது அதைத்தான். புத்தகத்திலிருந்து தலை தூக்கி தூரத்து மலையைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இடம் மாறுவதில்லை, தட்டையாகிறது. அதேபோல மெல்லிய சவ்வுக்குள் திரவம் நிரப்பிய லென்ஸ் ஒன்றைப் பார்க்கும் பாதையில், மீனுக்குத் தள்ளி, வைத்தார்கள். மின்சாரம் மாறினால் சவ்வு உப்பும், அடங்கும், குவியம் நகரும். மீனருகே எதுவும் அசைவதில்லை. 2013இல் ஹூயிஸ்கன் உள்ளிட்ட குழுவினர் இந்த முறையில் துடிக்கும் மீன் இதயத்தை வினாடிக்கு 30 முப்பரிமாணப் படங்களாக எடுத்தார்கள். நாம் மேலே போட்ட கணக்கு நினைவிருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. திரவம் என்பதால் லென்ஸைச் செங்குத்தாக நிறுத்தினால் புவியீர்ப்பில் கீழ்ப்பக்கம் தொய்யும், படத்தின் ஓரம் இழுபடும். சூடேறினால் குவியம் தானாகவே நகரும். அதைக் கவனித்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

இதற்கும் அடுத்த படி, பார்க்கும் பக்கத்தில் தனியாக எதையுமே அசைக்காமல் விடுவது. 2008இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் கிறிஸ் டன்ஸ்பி, ஒரே லென்ஸ் வழியாகத் தாளைச் சாய்வாக உள்ளே அனுப்பி, அதே லென்ஸ் வழியாகத் திரும்பி வரும் ஒளிர்வைப் பிடிக்கலாம் என்று காட்டினார். 2015இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எலிசபெத் ஹில்மன் குழுவினர் இதனோடு ஒரு கண்ணாடியைச் சேர்த்து ஸ்கேப் என்று பெயர் வைத்தார்கள். அதில் உள்ள நுட்பத்தை நிதானமாகச் சொல்கிறேன். கண்ணாடி திரும்பும்போது தாள் மீனுக்குள் நகர்கிறது. அங்கிருந்து வரும் ஒளியும் அதே கண்ணாடியில் பட்டுத்தான் வெளியே வர வேண்டும். போகும்போது எவ்வளவு திரும்பியதோ, வரும்போது அவ்வளவும் கழிந்துவிடுகிறது. ஆகவே தாள் எங்கே போனாலும் கேமராவுக்கு அது ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தெரியும். தாளையும் குவியத்தையும் தனித்தனியாக ஆட்டி இசைய வைக்கும் வேலையே இல்லாமல் போனது. 2019இல் வந்த அடுத்த வடிவம் வினாடிக்கு 300 முப்பரிமாணப் படங்களைத் தாண்டியது. சாய்வான பிம்பத்தை நேராக்க வழியில் இன்னும் இரண்டு லென்ஸ்கள் வேண்டும். அங்கே ஒளியில் ஒரு பங்கு வீணாகும். அது வேகத்துக்குக் கொடுக்கும் விலை.

இதுவரை சொன்னது ஆழத்தில் நகர்வது பற்றி. தாளை உண்டாக்குவதிலேயே இன்னொரு அலசல் இருக்கிறது. கார்த்திகை தீபத்தன்று பையன்கள் மாவலி சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். கரித்தூள் பொறிகள்தான் பறக்கின்றன, கண்ணுக்கோ முழு நெருப்பு வட்டம் தெரிகிறது. 2008இல் கெல்லரும் ஸ்டெல்சரும் இதைத்தான் செய்தார்கள். உருளை லென்ஸால் தாளை உருவாக்காமல், மெல்லிய லேசர் குச்சி ஒன்றை மேலும் கீழும் விரைவாக ஓட்டினார்கள். கேமரா ஒரு படம் எடுத்து முடிப்பதற்குள் குச்சி தளம் முழுவதையும் கடந்துவிடுவதால் அது தாளாகவே பதிகிறது. வெளிச்சம் எல்லா இடத்திலும் சமமாக விழும். மீன் கருவின் முதல் நாள் வளர்ச்சியை ஒவ்வொரு செல்லாகப் பின்தொடர்ந்தது இந்த முறையில்தான்.

எல்லோரும் இதையே சிறந்தது என்று சொல்லிவந்தாலும், மிக வேகமான வேலைக்கு நான் நிலையான தாளையே தேர்ந்தெடுப்பேன். காரணம் இதுதான். குச்சி ஓடும்போது ஒரு செல்லின் மேல் அது இருக்கும் நேரம் மொத்த நேரத்தில் ஒரு சிறு துண்டு. அதே அளவு ஒளிர்வு வேண்டும் என்றால் அந்தத் துண்டு நேரத்துக்குள் ஒளியைப் பல மடங்கு கூட்ட வேண்டும். ஒளிரும் மூலக்கூறுக்கோ ஒரு நேரத்தில் இவ்வளவுதான் ஒளிர முடியும் என்ற எல்லை உண்டு. அதைத் தாண்டினால் படம் மேலும் பிரகாசமாகாது, செல்தான் நோகும். நிலையான தாளில் தளம் முழுவதும் முழு நேரமும் மெல்லிய வெளிச்சத்தில் நனைந்துகொண்டிருக்கும். அதன் குறை, வழியில் ஏதாவது கருமையான திட்டு குறுக்கிட்டால் அதன் பின்னால் கோடு கோடாக நிழல் விழுவது. தென்னங்கீற்றின் நிழல்போல இருக்கும். 2007இல் ஹூயிஸ்கனும் ஸ்டைனியரும் தாளை அதன் தளத்துக்குள்ளேயே சில பாகை இப்படியும் அப்படியும் ஆட்டி இந்த நிழலைக் கரைத்தார்கள். வினாடிக்குச் சுமார் ஆயிரம் முறை அதிரும் சிறு கண்ணாடி அந்த வேலையைச் செய்கிறது.

தாளை எவ்வளவு மெல்லியதாக்க முடியும் என்பதும் வேகத்தோடு பின்னிக் கிடக்கிறது. ஒளியை இறுக்கிக் குவித்தால் நடுவில் மெலியும், உடனே இரண்டு பக்கமும் விரிந்துவிடும். தடிமனைப் பாதியாக்கினால் மெல்லியதாக நிற்கும் தூரம் கால்வாசியாகிவிடும். அகலமான இடத்தை மெல்லிய தாளால் பார்க்க வேண்டும் என்றால் ஒளி மெலிந்து நிற்கும் அந்த நடுப்பகுதியை, அதன் இடுப்பையே, பக்கவாட்டில் ஓட்டிக்கொண்டு போக வேண்டும். கேமராவும் அந்த இடுப்பு இருக்கும் வரிசையை மட்டும் படிக்க வேண்டும். படம் கூர்மையாகும், வேகம் குறையும். எரிக் பெட்ஸிக் குழுவின் 2014 லாட்டிஸ் ஒளித்தாள் இதை வேறு வழியில் சமாளித்தது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இவ்வளவு தூரம் ஓடாமலேயே இதயத்தைப் பிடிக்க ஒரு குறுக்கு வழி உண்டு. நம் ஊர்த் தெருக்கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கையில் ஒரே கேமரா, மேடையில் 10 பேர். ஒரே அடவை ஒரே தாளத்தில் திரும்பத் திரும்ப ஆடுகிறார்கள். ஒரு சுற்றில் ஒருவரை மட்டும் எடுத்து, பத்துச் சுற்று முடிந்ததும் மிருதங்கத்தின் தாளத்தை வைத்து எல்லாவற்றையும் பொருத்திவிட்டால், பத்துப் பேரையும் ஒரே நேரத்தில் எடுத்ததுபோல ஆகிவிடும். இதயமும் திரும்பத் திரும்பத் துடிப்பதால், ஒவ்வொரு தளத்தையும் சில வினாடி படம் எடுத்துப் பிறகு கணினியில் துடிப்போடு துடிப்பைப் பொருத்துகிறார்கள். மைக்கேல் லீப்ளிங் குழுவினர் 2005இல் இதைச் செய்து காட்டினார்கள். பணமும் மிச்சம், படமும் அழகு. ஆனால் தாளம் தவறும் இதயத்தை இப்படிப் பார்க்க முடியாது. ஒழுங்கற்ற துடிப்பு எங்கே தொடங்குகிறது என்பதுதான் நோயைப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு வேண்டும். அந்த ஒரு தவறிய துடிப்பு திரும்ப வராது. அதை அது நிகழும்போதே பிடித்தாக வேண்டும். நேரடி வேகத்துக்காக இவ்வளவு பாடுபடுவதில் அர்த்தம் இருக்கிறது என்று நான் நம்புவதற்கு இதுவே காரணம்.

கண்ணாடியை எவ்வளவு வேகமாகத் திருப்பினாலும் இறுதியில் கேமராவின் முன்னால் நிற்க வேண்டும். ஆய்வுக்கூடங்களில் பரவலாக உள்ள கேமராவில் 2,048 படப்புள்ளி வரிசைகள். ஒரு வரிசையைப் படிக்க ஏறக்குறைய 10 மைக்ரோ வினாடி. மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே நேரத்தில் படிக்கப்படுவதால் முழுப் படத்துக்குச் சுமார் 10 மில்லி வினாடி, அதாவது வினாடிக்கு 100 படங்கள். நமக்கு வேண்டியது 600. வழி, வரிசைகளைக் குறைப்பது. 256 வரிசைகள் மட்டும் போதும் என்றால் வினாடிக்கு 800 வரை போகலாம். இதயம் சிறியது, அது அந்தப் பட்டைக்குள் அடங்கிவிடும். மூளை அடங்காது. முழுப் படத்தையே வினாடிக்கு 100 வீதம் எடுத்தால்கூட வினாடிக்கு 800 மெகாபைட்டுக்கு மேல் சேரும். 1 நிமிடத்தில் சுமார் 50 ஜிபி. என் மாணவர்கள் கைப்பேசியில் ஒரு மாதத்துக்கு ஓட்டுவதைவிட அது அதிகமாக இருக்கும்.

ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் சுருங்கச் சுருங்க, அந்த நேரத்தில் ஒளிரும் செல்லிலிருந்து வந்து சேரும் ஒளித்துகள்களும் குறையும். ஒரு கட்டத்துக்கு மேல் படத்தில் தெரிவது செல்லா இரைச்சலா என்று சொல்வது கடினம். கண்ணாடிக்கு இன்னும் வேகம் இருக்கும். செல்லிடம் கொடுக்க ஒளி இருக்காது.

இந்தக் கருவிகள் தருமபுரியில் இல்லை. பெங்களூரு ஒசூரிலிருந்து கூப்பிடு தூரம்தான் என்றாலும், என் மாணவர்களில் பலர் இன்னும் அங்கே ஓர் ஆய்வுக்கூட வாசலை மிதித்ததில்லை. அதனால் வகுப்பிலேயே செய்து பார்த்தோம். மல்பெரி இலையைக் கசக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினால் பச்சைச் சாறு கிடைக்கும். அதை நன்றாக நீர்க்கச் செய்து குடுவையில் ஊற்றி ஊதா லேசர் பேனாவை அடித்தால், ஒளி போகும் பாதை மட்டும் ரத்தச் சிவப்பாக ஒளிரும். பச்சையத்தின் ஒளிர்வு அது. லேசர் கண்ணில் பட்டால் பார்வைக்கு ஆபத்து. பேனாவை மேசையில் கட்டிப்போட்டு, கண் மட்டத்துக்குக் கீழே, சுவரைப் பார்த்து மட்டுமே அடிக்க வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

சிவப்புக் குச்சி கிடைத்தது. அதைத் தாளாக்க வேண்டும். பழைய ஸ்பீக்கர் ஒன்றின் மேல் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, நடுவிலிருந்து சற்றுத் தள்ளி முகம் பார்க்கும் கண்ணாடியின் உடைந்த துண்டு ஒன்றை ஒட்டினோம். லேசர் அதில் பட்டுக் குடுவைக்குள் போகும்படி வைத்து, கைப்பேசியிலிருந்து ஒரே சுருதியுள்ள ஒலியைக் கொடுத்தோம். தாழ்ந்த சுருதியில் குச்சி விரிந்து ஆடியது, ஆனால் தாளாகாமல் கண்ணுக்குத் துடித்தது. சுருதியைக் கூட்டியதும் ஓரிடத்தில் திடீரென நன்றாக விரிந்தது. இன்னும் கூட்டினால் சுருங்கி மீண்டும் குச்சியாகிவிட்டது. கண்ணாடித் துண்டு கனம், அந்த வேகத்துக்கு அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை.

சிட்டிலிங்கிப் பக்கமிருந்து வரும் மாணவன் ஒருவன் மறுநாள் காகிதப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தான். உள்ளே லம்பாடிப் பெண்கள் துணியில் வைத்துத் தைக்கும் வட்டக் கண்ணாடிச் சில்லுகள். "பாட்டி குடுத்தாங்க சார், இது ஒண்ணுமே கனம் இல்லை" என்றான். பழைய துண்டைப் பிய்த்துவிட்டு ஒரு சில்லை ஒட்டினோம். பட்டுப்புழு வீட்டுப் பெண் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு, முந்தின நாள் தாள் சுருங்கிய சுருதியையும் தாண்டி மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனாள். குடுவைக்குள் சிவப்புத் தாள் விரிந்தபடியே நின்றது.